வாங்கின வீட்டில் ஒரு வாட்டர் சாஃப்டனர் நிற்கிறது. வைத்துக்கொள்வதா, கழற்றுவதா?

கேள்வி இதுதான்: நங்கநல்லூரில் பத்து வருடப் பழைய தனி வீடு ஒன்றை வாங்கிப் போன மாதம் குடிவந்திருக்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே நெஞ்சுயரத்துக்கு ஒரு நீல உருளை, பக்கத்தில் மூடி போட்ட கறுப்பு டிரம். வீட்டை விற்றவர் வெளிநாடு போய்விட்டார், கையேடு எதுவும் இல்லை. பிளம்பர் "கழற்றிப் போட்டுடலாம் சார்" என்கிறார். சர்வீஸுக்கு வந்தவர் உருளைக்குள் இருக்கும் ரெசின் மணிகள் முழுவதையும் மாற்றினால்தான் ஆகும் என்கிறார். இதற்கிடையில் குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளையாகப் படிந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். உருளையைக் கழற்ற வேண்டாம், ரெசினுக்கு முன்பணமும் கொடுக்க வேண்டாம். இரண்டு பேருமே உங்கள் தண்ணீரை அளந்து பார்க்காமல் பேசியிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் நான் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். கெட்டுப்போனது என்று தூக்கி எறியப்பட்ட சாஃப்டனர்களில் நிறைய, உப்பு சேராமல் பட்டினி கிடந்தவை. ஆகவே முதல் வேலை அளப்பது, அடுத்தது உப்பு உள்ளே போகிறதா என்று பார்ப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதற்கும் முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சென்னையில் போர் தண்ணீர் எதுவாக இருந்தாலும் "உப்புத் தண்ணி" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. வாயில் கரிக்கிற உப்பு ஒன்று. சோப்பு நுரைக்காமல், பருப்பு வேகாமல், கீசர் காயிலில் சுண்ணாம்பாக ஒட்டுகிற கடினத்தன்மை இன்னொன்று. கடினத்தன்மைக்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். சாஃப்டனர் இந்த இரண்டை மட்டும்தான் எடுக்கும். கரிப்பை எடுக்காது, கிருமியைக் கொல்லாது, நாற்றத்தைப் போக்காது. உப்புத் தண்ணியை அது நல்ல தண்ணியாக மாற்றும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குழாய், கீசர், வாஷிங் மெஷின், தலைமுடி, டைல்ஸ் இவற்றைக் காப்பாற்றும் என்று எதிர்பார்த்தால் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்யும்.

உருளைக்குள் இருப்பது ரெசின். தேன் நிறத்தில், கசகசா அளவில் கோடிக்கணக்கான மணிகள். ஒவ்வொரு மணியும் சோடியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடின நீர் மேலிருந்து இறங்கும்போது மணி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு சோடியத்தை விடுகிறது. கையில் இருந்த சோடியம் தீர்ந்ததும் மணியால் எதையும் பிடிக்க முடியாது, உள்ளே போன தண்ணீர் அப்படியே வெளியே வரும். அப்போது கெட்டியான உப்புக்கரைசலை உள்ளே விட்டால் சோடியம் கூட்டமாக வந்து கால்சியத்தைத் தள்ளிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்ளும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். அந்தக் கறுப்பு டிரம் இருப்பது இதற்காகத்தான். உங்கள் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு உருளைகள் இருந்தால், எதிலிருந்து விரல் தடிமன் டியூப் ஒன்று டிரம்முக்குள் போகிறதோ அதுதான் சாஃப்டனர். மற்றது மண்ணையும் கலங்கலையும் பிடிக்கிற மணல் ஃபில்டர்.

சரி, அளப்பதற்கு வருவோம். உங்களிடம் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) இருக்கும், ஆர்ஓ வாங்கும்போது பல வீடுகளில் கொடுத்திருப்பார்கள். இந்த வேலைக்கு அது உதவாது. சாஃப்டனர் கால்சியத்தின் இடத்தில் சோடியத்தை வைக்கிறதே தவிரக் கரைந்ததைக் குறைப்பதில்லை, அதனால் உள்ளே 1200 என்று காட்டினால் வெளியேயும் கிட்டத்தட்ட 1200 என்றுதான் காட்டும். இதைப் பார்த்துவிட்டு "மெஷின் வேலை செய்யலை" என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். உங்களுக்கு வேண்டியது கடினத்தன்மை பார்க்கும் சொட்டு கிட். ஆன்லைனில் கிடைக்கும், பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளிலும் கிடைக்கும். சின்னக் குப்பியில் குறித்த அளவு தண்ணீர் எடுத்து, அதில் கொடுத்திருக்கிற பொடியைப் போட்டால் தண்ணீர் திராட்சை ரசம் போலச் சிவக்கும். பிறகு சொட்டு மருந்தை ஒவ்வொன்றாக விட்டு ஆட்டிக்கொண்டே வர வேண்டும். சிவப்பு மங்கி, ஊதாவாகி, ஒரு சொட்டில் சட்டென்று நீலமாக மாறும். அதுவரை எத்தனை சொட்டு என்பதைக் கிட்டில் எழுதியிருக்கிற எண்ணால் பெருக்கினால் பிபிஎம் கணக்கு, அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது, வந்துவிடும். நல்ல மென்னீராக இருந்தால் பொடி போட்டவுடனே நீலமாகத்தான் இருக்கும். அந்த நீலத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

இந்திய தர நிர்ணயத்தின் குடிநீர் அளவுகோல், ஐஎஸ் 10500, கடினத்தன்மைக்கு 200 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது. சென்னைப் போர் தண்ணீரில் இந்த 600-ஐத் தாண்டுவதும் உண்டு.

மூன்று இடத்தில் தண்ணீர் பிடியுங்கள். சாஃப்டனருக்குள் போவதற்கு முன் ஒன்று, அதிலிருந்து வெளியே வரும் குழாயில் ஒன்று, குளியலறைக் குழாயில் ஒன்று. உருளையின் தலையில் இருக்கும் வால்வில் தண்ணீர் போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்தால் எது உள், எது வெளி என்று தெரிந்துவிடும். இந்த மூன்று எண்களில் பாதிப் பதில் கிடைத்துவிடும். உள்ளே 500, வெளியே 20, குளியலறையில் 250 என்று வந்தால் சாஃப்டனர் நன்றாக இருக்கிறது, வழியில் எங்கோ கடின நீர் கலக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும், தண்ணீரை சாஃப்டனருக்குள் விடாமல் நேராக அனுப்புகிற பைபாஸ் வால்வுதான் குற்றவாளி. சாஃப்டனரைச் சுற்றி மூன்று வால்வு இருக்கும். ஓரத்து இரண்டும் திறந்திருக்க வேண்டும், நடுவில் குறுக்கே போகிற குழாயில் உள்ளது மூடியிருக்க வேண்டும். கைப்பிடி குழாயோடு ஒரே வாட்டத்தில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பழைய பிவிசி வால்வு மூடியிருப்பது போலத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கசியும். நாலைந்து வருடம் வெயில் பட்ட வால்வை நான் நம்புவதே இல்லை. சிறிய செலவுதான், மாற்றிவிடுங்கள்.

வெளியே வரும் குழாய், குளியலறை இரண்டிலும் 20-க்குள் வந்தால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. நீங்கள் பார்க்கிற வெள்ளை பழைய படிவாக இருக்கும், அல்லது அதிக டிடிஎஸ் உள்ள தண்ணீர் காய்ந்து விட்டுப்போன உப்பாக இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்வது சுலபம். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுவது உப்பு. நகத்தால் சுரண்டினாலும் போகாமல், எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தால் நுரைத்துக் கரைவது சுண்ணாம்பு.

உள்ளே 500, வெளியேயும் 500 என்றால் மட்டும்தான் உருளையின் மேல் சந்தேகம் வர வேண்டும். அப்போதும் ரெசின் செத்துவிட்டது என்று அவசரப்படாதீர்கள். டிரம்மைத் திறந்து பாருங்கள். உப்பு இருக்கிறதா? இருந்தால், வெளிப்பக்கம் உப்பு மட்டத்துக்கு நேராக ஒரு டேப்பை ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். ரீஜெனரேஷன் நடந்தால் மட்டம் இறங்கியே ஆக வேண்டும். இறங்காத உப்பு, வேலை செய்யாத சாஃப்டனர்.

நானே அனுபவித்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் தானியங்கி வால்வு மாட்டியபோது, மாட்டியவர் எல்லாம் சரியாகச் செய்துவிட்டுப் போனார். மூன்று மாதம் உப்பு குறையவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், உப்புச் செலவு இல்லையே என்று. ஆனால் கீசரில் பழையபடி சுண்ணாம்பு. ஒரு நாள் இரவு விழித்திருந்து பார்த்தேன். தானியங்கி வால்வுகளில் பெரும்பாலானவை இரவு 2 மணிக்கு ரீஜெனரேஷன் செய்யும்படி அமைந்து வருகின்றன, அந்த நேரத்தில் யாரும் தண்ணீர் பிடிக்கமாட்டார்கள் என்பதால். குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் ஊர்களுக்கு அது பொருந்தும். எங்கள் வீட்டில் போர் மோட்டார் காலை 6 மணிக்குத்தான் ஓடும். இரவு 2 மணிக்கு வால்வு "கிர்"ரென்று சுற்றி, ரெசினைக் கழுவும் பேக்வாஷ் நிலைக்குப் போய், பிறகு உப்பு இழுக்கும் நிலைக்குப் போய், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் எல்லாக் கட்டங்களையும் முடித்துக்கொண்டு மறுபடி பழைய இடத்துக்கு வந்து நின்றது. கடிகாரத்தை மோட்டார் ஓடும் நேரத்துக்கு மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. உங்களுடையது தானியங்கியாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். மின்வெட்டு வந்துபோன வீடுகளில் கடிகாரமே தப்பாக ஓடிக்கொண்டிருக்கும், அதையும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ரீஜெனரேஷன் சுற்று முடிய ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரமும் மோட்டார் ஓடியாக வேண்டும். பாதியில் மேல் டேங்க் நிறைந்தது என்று யாராவது மோட்டாரை நிறுத்தினால் உப்பு உள்ளேயே தங்கி, அடுத்த நாள் குளிக்கிற தண்ணீர் கரிக்கும்.

அழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், டிரம்மில் இருக்கிற உப்புக்கரைசலைத் தள்ள அங்கே மோட்டார் எதுவும் கிடையாது. வால்வுக்குள் இன்ஜெக்டர் என்று ஒரு குறுகலான துளை இருக்கிறது. அதன் வழியே தண்ணீர் வேகமாகப் பாயும்போது உண்டாகும் உறிஞ்சலில்தான் உப்புத் தண்ணீர் மேலே வருகிறது. இதற்கு ஒன்றரை பார் அளவாவது அழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் 1 பார் தருகிறது என்பது கணக்கு. இரண்டு மாடி வீட்டின் மேல் டேங்கிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் அந்த 1 பாரைக்கூடத் தொடாது. ஆகவே உங்கள் சாஃப்டனர் மேல் டேங்குக்குப் பிறகு, கீழே இறங்கும் லைனில் மாட்டியிருந்து, பிரஷர் பம்ப் இல்லை என்றால், அது எந்தக் காலத்திலும் ஒழுங்காக உப்பு இழுத்திருக்காது. போர் மோட்டாருக்கும் மேல் டேங்குக்கும் நடுவில் மாட்டியிருந்தால் நல்லது.

பத்து வருடப் பழைய வீடு என்பதால், கையால் திருப்புகிற வால்வாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதை எப்படிச் செய்வது என்று விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை ஒருமுறை நீங்களே செய்துவிட்டால் மெஷினைப் பற்றிய பயம் போய்விடும்.

கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் மோட்டார் நின்றிருக்க வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள். அழுத்தத்தோடு திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கிழிந்து, அப்புறம் எந்த நிலையில் வைத்தாலும் டிரெயினில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். முதலில் டிரம்மில் உப்புக்கரைசல் தயார் செய்யுங்கள். உங்கள் உருளை நாலரை அடி உயரம், பத்து அங்குல விட்டம் என்று வைத்துக்கொண்டால் (ஒரு நூலைச் சுற்றி அளந்தால் 31, 32 அங்குலம் வரும்) உள்ளே சுமார் 40 லிட்டர் ரெசின் இருக்கும். லிட்டருக்கு 120 கிராம் கணக்கில் சுமார் 5 கிலோ உப்பு. அதை ஒரு 20 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கலக்கிக் கரையவிடுங்கள்.

பிறகு கைப்பிடியை பேக்வாஷ் என்ற இடத்தில் வைத்து மோட்டாரைப் போடுங்கள். தண்ணீர் கீழிருந்து மேலே போய், அமுங்கிக் கிடக்கும் ரெசினைத் தளர்த்தி, சேர்ந்திருக்கும் அழுக்கை டிரெயின் குழாய் வழியே கொண்டுவரும். நீண்ட நாள் கிடந்த சாஃப்டனர் என்றால் முதலில் டீ நிறத்தில் வரும், பயப்படாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாகும் வரை, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். டம்ளரின் அடியில் தேன் நிற மணிகள் நிறைய வந்து தங்கினால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் வேகம் அதிகமாகி ரெசின் வெளியேறுகிறது, உள் வால்வைக் கொஞ்சம் குறைத்துத் திறக்க வேண்டும்.

அடுத்து மோட்டாரை நிறுத்தி, கைப்பிடியை உப்பு இழுக்கும் நிலைக்குத் திருப்புங்கள். பிரைன் என்றோ ரீஜெனரேஷன் என்றோ எழுதியிருக்கும். மோட்டாரைப் போட்டதும் டிரம்முக்குள் குனிந்து பாருங்கள். மட்டம் மெல்ல இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் டியூப்பைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து அதன் வாயில் கட்டை விரலை வையுங்கள். விரலை உள்ளே இழுத்தால் உறிஞ்சல் இருக்கிறது, டியூப்பின் அடியில் வலையோ உப்பு மண்ணோ அடைத்திருக்கிறது. விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது. இன்ஜெக்டரைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்து மாட்டலாம். ஊசி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதானால் உறிஞ்சல் போய்விடும். ரெசினே போய்விட்டது என்று சொல்லப்பட்ட வீடுகளில் இந்தச் சின்னத் துளையைச் சுத்தம் செய்தே சரிசெய்திருக்கிறேன்.

உப்புத் தண்ணீர் முழுவதும் ஏற இருபது முப்பது நிமிடம் ஆகும். அது மெதுவாக ஏறுவதுதான் நல்லது, வேகமாகப் போனால் ரெசினோடு சேர்ந்திருக்க நேரம் கிடைக்காது. டிரம் காலியாகும் தறுவாயில் டியூப் காற்றை உறிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக ரின்ஸ் நிலை. டிரெயினில் வரும் தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால், முதலில் கடல் தண்ணீராகக் கரிக்கும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் உங்கள் போர் தண்ணீரின் சாதாரணச் சுவைக்கு வந்துவிடும். அப்போது சொட்டு கிட்டில் பாருங்கள். நீலம் வந்தால் சர்வீஸ் நிலைக்குத் திருப்பிவிட்டு வழக்கம்போல மேல் டேங்கை நிரப்பலாம்.

வெகுநாள் பட்டினி கிடந்த ரெசின் ஒரே முறையில் முழுதாகத் திரும்பாது. இரட்டைப் பங்கு உப்புப் போட்டு, அடுத்தடுத்த நாளில் இரண்டு முறை செய்யுங்கள். வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, உருளைக்குள் தண்ணீரே வற்றிப்போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் நடைமுறையை மாற்ற வேண்டும். காய்ந்த ரெசினில் வெறும் தண்ணீரைத் திடீரென்று விட்டால் மணிகள் ஊதி வெடித்துத் தூளாகும். மேல் வால்வைக் கழற்றத் தெரிந்தவரை வைத்து முதலில் கெட்டியான உப்புக்கரைசலை ஊற்றிச் சில மணி நேரம் ஊறவிட்டு, பிறகுதான் பேக்வாஷ்.

இரண்டு முறை செய்தும் வெளியே வருகிற எண் இறங்கவில்லை என்றால் அப்போது ரெசினைப் பார்க்கலாம். வால்வைக் கழற்றி ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் போடச் சொல்லுங்கள். தேன் நிறத்தில் தனித்தனியாக உருண்டால் இன்னும் உயிர் இருக்கிறது. கருஞ்சிவப்பாக, விரலில் துரு ஒட்டினால் இரும்பு ஏறியிருக்கிறது, அதைக் கழுவ மருந்து உண்டு. விரலுக்கு நடுவே நசுக்கினால் மாவாகக் குழைந்தால், அல்லது பாதி உடைந்த மணிகளாகவே இருந்தால், மாற்றுவதைத் தவிர வழியில்லை. நன்றாகப் பராமரித்த ரெசின் பத்து வருடம்கூட வரும். இரும்புத் தண்ணீரிலும், குளோரின் அதிகமான தண்ணீரிலும் அதற்குள் பாதி ஆயுளில் போய்விடும்.

இரும்பு இருக்கிறதா என்று பார்க்கத் தனி கிட் வேண்டாம். போர் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். பிடிக்கும்போது பளிங்கு போல இருந்து, பிறகு மஞ்சள் தட்டி, அடியில் துரு நிறத்தில் படிந்தால் கரைந்த இரும்பு இருக்கிறது. அப்படியானால் சாஃப்டனருக்கு முன்னால் இரும்பைப் பிடிக்கும் ஃபில்டர் அவசியம். அது இல்லாமல் புது ரெசின் போடுவது பணத்தைக் கிணற்றில் போடுவது போல.

எத்தனை நாளுக்கு ஒருமுறை உப்பு போடுவது என்பதுதான் எல்லோரும் கேட்பது. "வாரம் ஒருமுறை" என்று சர்வீஸ் ஆட்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கு உங்கள் கணக்கு. மேலே சொன்ன உப்பு அளவுக்கு, ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 40 லிட்டர் என்றால் 2000 கிராம். உங்கள் தண்ணீர் 500 பிபிஎம் என்றால் லிட்டருக்கு அரை கிராம், ஆக 4000 லிட்டர் வரை தாங்கும். நாலு பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலை வைத்தால் ஒரு நாளைக்கு 540 லிட்டர். ஏழு நாள் வரும், ஆறாவது நாளே செய்துவிடுவது பாதுகாப்பு.

இதில் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது, இந்த 500 என்பது வருடம் முழுவதும் 500 ஆக இருக்காது என்பது. நம் ஊருக்கு முக்கிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான். மழை நன்றாகப் பெய்து நிலத்தடி நீர் ஏறினால் அதே போரில் கடினத்தன்மை 300-க்கு இறங்கலாம், அப்போது 12 நாள் வரை தாங்கும். மே மாதம் நீர்மட்டம் அடியில் போனதும் 800 ஆனால், அதே ரெசின் 2500 லிட்டரில், அதாவது ஐந்து நாளுக்குள் தீர்ந்துவிடும். டிசம்பரில் வாங்கிய வீட்டில் அப்போது சரியாக இருந்த மெஷின் மே மாதம் "கெட்டுப்போவது" இப்படித்தான். அதற்கு மேல் லாரித் தண்ணீர் வாங்கி சம்பில் கொட்டினால், அந்த லாரி எந்தப் போரிலிருந்து நிரப்பியது என்பது யாருக்குத் தெரியும். ஆகவே வருடத்துக்கு மூன்று முறையாவது, பொங்கல் சமயத்தில் ஒன்று, மே மாதம் ஒன்று, மழை தொடங்கும் முன் ஒன்று என்று உள்ளே வரும் தண்ணீரை அளந்து நாள் கணக்கை மாற்றுங்கள். மெட்ரோ வாட்டர் மட்டும் வருகிற நாட்களில் அதை சாஃப்டனர் வழியாக விடவே தேவையில்லை, பைபாஸில் விடலாம். அதில் இருக்கும் குளோரினிலிருந்து ரெசினும் தப்பிக்கும்.

உப்பு விஷயம் சுலபம். மளிகைக் கடையில் மூட்டையில் கிடைக்கிற தூத்துக்குடி, மரக்காணம் கல் உப்பே போதும், தூள் உப்பு வேண்டாம். ஆனால் கல் உப்பில் மண்ணும் கிளிஞ்சல் தூளும் இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துக் கழுவியாக வேண்டும். தானியங்கி வால்வு என்றால் சாஃப்டனருக்கென்று விற்கிற மாத்திரை உப்பைப் போடுவதே மேல், இன்ஜெக்டர் அடைப்பு குறையும். நம் ஊர் ஈரக்காற்றில் மேல் உப்பு கட்டிதட்டிப் பாலம் மாதிரி நின்றுவிடும், கீழே வெற்றிடம் இருக்கும். பார்த்தால் டிரம் நிறைய உப்பு, ஆனால் தண்ணீரில் உப்பு இல்லை. துடைப்பக் கட்டையால் அவ்வப்போது குத்திவிடுங்கள்.

டிரெயின் குழாய் எங்கே போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியதிலிருந்து சென்னையில் எல்லாத் தனி வீட்டிலும் ஒரு சேகரிப்புக் குழி இருக்க வேண்டும் என்பது விதி. சாஃப்டனர் டிரெயினை அந்தக் குழியில் விட்டிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில், "வருஷா வருஷம் எங்க போர் உப்பாகிட்டே போகுது சார்" என்றார் அந்த அம்மா. அவர் வீட்டுச் சாஃப்டனரே வாராவாரம் ஐந்து கிலோ உப்பையும், தான் பிடித்த கால்சியத்தையும் சேர்த்து அவர் போருக்குப் பத்தடி தள்ளி மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் போரும் அதே மண்ணில்தான் இருக்கிறது. டிரெயின் கழிவுநீர்ச் சாக்கடை இணைப்புக்குப் போக வேண்டும். குழாய் முனை சாக்கடைத் தண்ணீருக்குள் முங்காமல் நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழிவு பின்னுக்கு இழுக்கப்படலாம். தென்னைக்கும் செடிக்கும் இந்தத் தண்ணீரைத் திருப்பவே கூடாது. அந்த மழைநீர்க் குழியைத் தூர்வாரி, மொட்டை மாடித் தண்ணீர் ஒழுங்காக இறங்கும்படி செய்யுங்கள். மழை நீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. நிலத்துக்குள் அது எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு உங்கள் உப்புச் செலவு குறையும்.

குடிக்க இந்தத் தண்ணீரை நேராக எடுக்காதீர்கள். 1 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுக்கும்போது சுமார் 0.46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேர்கிறது. 500 பிபிஎம் தண்ணீரில் லிட்டருக்கு 230 மில்லிகிராம் கூடும். வீட்டில் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ள பெரியவர்கள் இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. ஆர்ஓ வழியாகப் போனால் சோடியம் பெரும்பாலும் நீங்கிவிடும், மென்னீர் போவதால் ஆர்ஓ மெம்பிரேனுக்கும் நல்லது. துளசி மாடத்துக்கும் தொட்டிச் செடிக்கும் சாஃப்டனருக்கு முன்னால் ஒரு தனிக் குழாய் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுக்கலாமா என்றால், வருகிறவர் ஒவ்வொரு முறையும் உள், வெளி இரண்டு எண்களையும் அளந்து அட்டையில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். தருவார் என்றால் எடுங்கள். உப்பே வேண்டாத, குழாயில் மாட்டுகிற காந்தக் கருவி ஒன்றை யாராவது காட்டினால், அதற்கு முன்னும் பின்னும் இதே சொட்டு கிட்டில் அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்தான் வரும், அது கால்சியத்தை எடுப்பதில்லை.

இந்த வாரம் சொட்டு கிட் வாங்கி மூன்று இடத்து எண்களையும் எடுங்கள். உருளையைச் சுற்றி நூல் அளவு, உயரம், மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது, வீட்டில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு உப்பு என்று உங்கள் வீட்டுக்கே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.